தீனாரின் எடையும் ஜகாத்தின் அளவும்: நாணயங்கள் கூறும் சாட்சியம்

ஒவ்வொரு ரமளானிலும் நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழுகிறது. தங்கத்திற்கான நிஸாப் எவ்வளவு? ஒருவர் 11 பவுன் என்பார். மற்றொருவர் 85 கிராம் என்பார். 11 பவுன் என்பது 88 கிராம். 86 கிராம் தங்கத்தைச் சேமித்து வைத்திருப்பவர் மீது ஜகாத் கடமையா, இல்லையா என்பது இந்தச் சிறு வேறுபாட்டில் தங்கியிருக்கிறது. ஏழையின் உரிமையும் அதில்தான் தங்கியிருக்கிறது.

மார்க்கம் நமக்கு அளவைக் கிராமிலோ பவுனிலோ கூறவில்லை. தங்கத்திற்கு 20 தீனார், வெள்ளிக்கு 200 திர்ஹம் என்பதே ஃபிக்ஹு நூல்கள் கூறும் அளவு. அப்படியானால் ஒரு தீனாரின் எடை என்ன? இந்தக் கேள்விக்கு விடை தேடுவோர் வரலாற்று நூல்களையும், அருங்காட்சியகங்களின் நாணயப் பட்டியல்களையும் நாட வேண்டியிருக்கிறது.

அரபுகளிடம் இருந்த நாணயங்கள்

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அரபுகள் சொந்தமாக நாணயம் அச்சிடவில்லை. ரோமப் பேரரசின் பொற்காசுகளும் பாரசீகத்தின் வெள்ளிக்காசுகளுமே அவர்களிடம் புழங்கின. திருக்குர்ஆனில் தீனார் ஆலு இம்ரான் அத்தியாயத்திலும், திர்ஹம் யூசுஃப் அத்தியாயத்திலும் இடம்பெறுகின்றன.

ஹிஜ்ரி 279இல் மறைந்த வரலாற்றாசிரியர் அல்-பலாதுரி, தமது 'ஃபுதூஹுல் புல்தான்' நூலின் இறுதிப் பகுதியில் நாணயங்களைப் பற்றிய செய்திகளைத் தொகுத்துள்ளார். மக்காவாசிகள் இந்தக் காசுகளை எண்ணிக் கொடுக்காமல், உருக்காத உலோகத்தைப் போல நிறுத்தே கொடுத்து வாங்கினர் என்கிறார் அவர். அவர்களுடைய நிறைகல்லே மித்கால். பாரசீகக் காசுகள் 20, 12, 10 கீராத் எனப் பல எடைகளில் இருந்தன. இம்மூன்றையும் கூட்டினால் 42; அதில் மூன்றிலொரு பங்கு 14. அந்த 14 கீராத்தே திர்ஹமின் நடுநிலை எடையாக அமைந்தது. மித்கால் 20 கீராத் ஆதலால், 10 திர்ஹம் 7 மித்காலுக்குச் சமம் என்ற விகிதம் நிலைபெற்றது.

உருவத்திலிருந்து எழுத்துக்கு

பாரசீகம் முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்த பின்னரும் பழைய வெள்ளிக்காசின் அமைப்பு உடனே மாறவில்லை. ஒரு பக்கம் சாசானிய மன்னரின் உருவம், மறுபக்கம் நெருப்புப் பீடம் என அப்படியே தொடர்ந்தது. விளிம்பில் மட்டும் அரபியில் 'பிஸ்மில்லாஹ்' பொறிக்கப்பட்டது.

இந்த நிலையை மாற்றியவர் கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் (ஆட்சி: ஹிஜ்ரி 65–86). அவர் எந்த ஆண்டில் நாணயத்தைச் சீர்திருத்தினார் என்பதில் பழைய நூல்கள் வேறுபடுகின்றன. 74, 75, 76 ஆகிய ஆண்டுகள் குறிப்பிடப்படுகின்றன. இங்கே நாணயங்களே சாட்சி சொல்கின்றன. ஹிஜ்ரி 74 முதல் 77 வரையிலான தீனார்களில் வாளேந்தி நிற்கும் கலீஃபாவின் உருவமும், அதைச் சுற்றிக் கலிமாவும் உள்ளன. மறுபக்கத்தில் ரோமக் காசிலிருந்த சிலுவை, குறுக்குக் கட்டை நீக்கப்பட்டு, படிகளின் மேல் நிற்கும் வெறும் தூணாக மாறியிருக்கிறது. ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696–697) அந்த உருவமும் மறைந்தது. உருவமே இல்லாத, எழுத்துகள் மட்டும் கொண்ட தீனார் வெளிவந்தது. ஒரு பக்கம் கலிமா. மறுபக்கம் அல்-இக்லாஸ் அத்தியாயத்தின் வாசகங்கள். விளிம்பில் அச்சிட்ட ஆண்டு. கலீஃபாவின் பெயர்கூட அதில் இல்லை!

ஆகவே நூல்கள் கூறும் முந்தைய ஆண்டுகளைப் பிழையென்று தள்ள வேண்டியதில்லை. சீர்திருத்தம் படிப்படியாக நடந்தது. அதன் தொடக்கத்தை நூல்கள் குறிக்கின்றன, நிறைவைக் காசு காட்டுகிறது.

பட்டியல்கள் செய்த பணி

இந்தக் காசுகள் இன்று பல நாடுகளின் அருங்காட்சியகங்களில் உள்ளன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கீழைத்தேய நாணயங்களை ஸ்டான்லி லேன்-பூல் 1875 முதல் 1890 வரை பத்துத் தொகுதிகளாகப் பட்டியலிட்டார். பின்னர் ஜான் வாக்கர் 1941இலும் 1956இலும் தொடக்ககால இஸ்லாமிய நாணயங்களுக்கென இரு தொகுதிகளை வெளியிட்டார். உலோகம், எடை, ஆண்டு, அச்சிட்ட ஊர், பொறிக்கப்பட்ட வாசகம் என ஒவ்வொரு காசின் விவரத்தையும் இத்தகைய நூல்களில் காணலாம். படிப்பதற்குச் சுவையற்றவைபோல் தோன்றும் இந்தப் பக்கங்களில்தான் நம் கேள்விக்கான விடை இருக்கிறது.

கைமாறித் தேய்ந்த காசு எடை குறைந்திருக்கும். ஆகையால் ஆய்வாளர்கள் ஒரு காசை மட்டும் நம்புவதில்லை; தேயாத பல காசுகளை ஒப்பிடுகின்றனர். எகிப்தில் ஆளுநர்களின் பெயர் பொறித்து வார்க்கப்பட்ட கண்ணாடி நிறைகற்களும் இதற்குத் துணை நிற்கின்றன. தீனாரின் எடை ஏறத்தாழ 4.25 கிராம் என்பதே இவற்றால் கிடைத்த முடிவு. பத்துக்கு ஏழு என்ற விகிதப்படி திர்ஹம் 2.975 கிராம் ஆகிறது.

அறிஞர் யூசுஃப் அல்-கர்ளாவி தமது 'ஃபிக்ஹுஸ் ஜகாத்' நூலில் இந்த நாணய ஆய்வையே ஆதாரமாகக் கொண்டார். 20 தீனாருக்கு 85 கிராம் தங்கம், 200 திர்ஹமுக்கு 595 கிராம் வெள்ளி என்ற அளவுகள் இவ்வாறு கிடைத்தவையே.

11 பவுன் எங்கிருந்து வந்தது?

இந்திய ஹனஃபி உலமாக்கள் வேறொரு வழியில் கணக்கிட்டனர். இந்நாட்டின் நிறையில் ஒரு மித்கால் நாலரை மாஷா என்று கொண்டனர். 20 மித்காலுக்கு 90 மாஷா. 12 மாஷா ஒரு தோலா ஆதலால் அது ஏழரைத் தோலா. ஒரு தோலா 11.664 கிராம் எனக் கணக்கிட்டால் 87.48 கிராம் வருகிறது. இதையே நம் ஊர்களில் முழுமையாக்கி 11 பவுன் என்கிறோம். வெள்ளிக்கு ஐம்பத்திரண்டரைத் தோலா, அதாவது 612.36 கிராம்.

இரு சாராரும் 20 மித்கால் என்பதில் ஒன்றுபட்டே நிற்கின்றனர். பத்துக்கு ஏழு என்ற விகிதமும் இரண்டிலும் மாறவில்லை. மித்காலை எந்த நிறையால் அளந்தனர் என்பதில் மட்டுமே வேறுபாடு. எனவே ஒரு சாரார் மற்றவரைக் குறைகூற இதில் இடமில்லை.

85 கிராமுக்கும் 88 கிராமுக்கும் இடையில் தங்கம் வைத்திருப்பவர் தமது மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு நடப்பது முறை. பேணுதலை நாடிக் குறைந்த அளவைக் கணக்கில் கொண்டு கொடுப்பவருக்கு இழப்பேதும் இல்லை. ஏழையின் உரிமை தம் பொருளோடு கலந்துவிடுமோ என்ற அச்சத்திலிருந்து அவர் விடுபடுகிறார். அளவையில் மோசடி செய்வோரை எச்சரிக்க முதஃப்பிஃபீன் என்ற அத்தியாயமே அருளப்பட்டிருக்கிறது. அந்த எச்சரிக்கையை நெஞ்சில் கொண்ட சமுதாயம், தான் கொடுக்க வேண்டிய ஜகாத்தின் அளவு எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.