கோடு போட்ட தாளில் அச்சான செய்தி

பழைய றங்குப்பெட்டி ஒன்றைத் துப்புரவு செய்தபோது யாழ்ப்பாணப் பத்திரிகைப் பக்கம் ஒன்று அகப்பட்டது. 1990களின் முற்பகுதியைச் சேர்ந்தது. நீலக் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாள். அக்கோடுகளின் மீதே செய்தி அச்சாகியிருக்கிறது. இன்றைய இளைஞருக்கு இது வேடிக்கை. எமக்கு அதுவே பத்திரிகை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது பொருளாதாரத் தடை இறங்கியது. எரிபொருள், சீமெந்து, பற்றரி, சவர்க்காரம் என்று பட்டியல் நீண்டது. மின்சாரம் நின்றது. அச்சுத்தாளும் வரவில்லை. 'உதயன்' முதலான ஏடுகள் கிடைத்த தாளில் வெளிவந்தன. பக்கங்கள் குறைந்தன, மரண அறிவித்தல்கள் மட்டும் குறையவில்லை.

இரவில் அச்சுப்பிழை திருத்தியது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலின் அடியில் சிறிது பஞ்சு, அது நனையுமளவு மண்ணெண்ணெய், பழைய சைக்கிள் வால்வில் செருகிய நூல்திரி. போத்தலே காற்றுக்கு மறைப்பு. செத்த பற்றரிகளை வெயிலில் காயவைத்து, ஆணியால் துளையிட்டு உப்புநீர் விடுவோம். சிறிது நேரம் உயிர் வரும். அதுவும் கைவிட்டால், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்ற, டைனமோவில் வானொலி பேசும். பிபிசி தமிழோசையை அவ்வாறுதான் கேட்டோம். ஒருநாள், சுற்றிய பையனுக்குக் கை சலித்துவிட்டது. குண்டுவீச்சில் இறந்தோரின் தொகை சொல்லப்படும் வேளையில் குரல் இழுபட்டு அடங்கியது. மறுநாள் தொகையின்றியே செய்தி போட்டோம்.

புலம்பெயர் ஒன்றுகூடல்களில் இவற்றைத் தமிழரின் மதிநுட்பமென்று புகழ்வார்கள். எனக்கு அப்புகழ்ச்சி உவப்பாக இருப்பதில்லை. போத்தலில் விளக்குச் செய்தோம். இன்சுலின் செய்ய எவராலும் முடியவில்லை. நீரிழிவு நோயாளர் இருந்த வீடுகளுக்கு அந்த வேறுபாடு தெரியும்.

வாசித்த பத்திரிகையும் வீணாகவில்லை. கடைக்காரர் அதைப் பையாக ஒட்டிச் சீனியும் பருப்பும் கட்டிக் கொடுத்தார். வெறும் பை அடுப்பு மூட்ட உதவியது. எஞ்சியவற்றில் பலவும் 1995 ஒக்டோபர் 30இல் குடாநாட்டின் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது வீடுகளோடு விடப்பட்டன. அக்காலத்தை எழுத முற்படுபவர் இன்று முழுத்தொகுதி தேடி அலையவேண்டியிருக்கிறது.

என்னிடமுள்ள பக்கம் தப்பியது, பெட்டியின் அடியில் துணிகளுக்குக் கீழே விரித்திருந்ததால். திகதி இருந்த மூலை கிழிந்துவிட்டது. அதிலுள்ள மரண அறிவித்தல் ஒன்றைக்கொண்டு ஆண்டை அறிய முயன்றுகொண்டிருக்கிறேன்.