பேட்ரியட் கார்ட் ரைடர்ஸ்

பேட்ரியட் கார்ட் ரைடர்ஸ் என்பது, போரில் இறந்த படைவீரர், முன்னாள் படைவீரர், தீயணைப்பு வீரர், காவலர் ஆகியோரின் இறுதிச் சடங்குகளில் குடும்பத்தாரின் அழைப்பின் பேரில் கலந்துகொண்டு, சவ ஊர்திக்குத் துணையாக மோட்டார் சைக்கிள்களில் அணிவகுத்துச் சென்றும், தேசியக் கொடியேந்தி வரிசையாக நின்றும் மரியாதை செலுத்தும் அமெரிக்கத் தன்னார்வ அமைப்பாகும். தேசபக்தக் காவல் ஓட்டிகள் என்று இப்பெயரைத் தமிழில் கொள்ளலாம். கன்சாஸ் மாநிலத்தில் 2005ஆம் ஆண்டில் இது தோன்றியது. இன்று அமெரிக்காவின் சிற்றூர்களில் நடைபெறும் இராணுவ அடக்கங்களில் இவ்வணிவகுப்பு வெகு இயல்பாக இடம்பெறுவதால், நெடுங்காலமாக இருந்துவரும் படை மரபு என்று பார்ப்பவர்கள் எண்ணக்கூடும். உண்மையில் இவ்வழக்கம் துக்க வீட்டாரின் கண்ணிலும் காதிலும் ஒரு சிறு கூட்டத்தின் வசை படாமல் தடுப்பதற்காக அண்மையில் உருவானதே ஆகும்.

இறந்த வீரனை ஊர்தியின் துணையோடு கல்லறைக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் குதிரைப் படைக் காலத்திலேயே உண்டு. வாஷிங்டனை ஒட்டியுள்ள ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில், பீரங்கிக் குண்டுகளைச் சுமப்பதற்கென்று ஒரு காலத்தில் செய்யப்பட்ட வண்டியில் சவப்பெட்டியை வைத்து ஆறு குதிரைகள் இழுத்துச் செல்வதும், உயர் அதிகாரியாயின் ஏறி அமர ஆளின்றிச் சேணம் பூட்டிய குதிரை ஒன்று, அங்கவடிகளில் காலணிகள் பின்னோக்கித் திருப்பி மாட்டப்பட்ட நிலையில், வண்டிக்குப் பின்னால் நடத்திச் செல்லப்படுவதும் முறை. 1963ஆம் ஆண்டு அதிபர் கென்னடியின் இறுதி ஊர்வலத்தில் பிளாக் ஜாக் என்னும் குதிரை இவ்வாறு சென்றதைத் தொலைக்காட்சி வழியாக உலகமே கண்டது. விமான அணியில் ஒரு விமானத்தின் இடத்தைக் காலியாக விட்டுப் பறப்பதும் இதே கருத்தின் வேறொரு வடிவமே. மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் சிலர் தம் அணியில் ஓரிடத்தை வெறுமையாக விட்டுச் செல்வதை அதிலிருந்தே கற்றுக்கொண்டனர்.

மோட்டார் சைக்கிளுக்கும் அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கும் உள்ள உறவு இரண்டாம் உலகப் போரின் முடிவில் வலுப்பெற்றது. ஹார்லி டேவிட்சன் நிறுவனம் அப்போருக்கென ஏறத்தாழ 90,000 வண்டிகளைச் செய்து கொடுத்திருந்தது. போர் முடிந்தபின் உபரியான வண்டிகள் மலிவு விலைக்கு வந்தன. பாசறையின் தோழமையை இழந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் அவற்றை வாங்கிக் குழுக்கள் அமைத்தனர். 1947ஆம் ஆண்டு ஜூலையில் கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்னும் சிற்றூரில் இத்தகைய குழுக்கள் செய்த ஆரவாரத்தைப் பத்திரிகைகள் பெரிதுபடுத்தியதும், 1953இல் வெளிவந்த ‘தி வைல்ட் ஒன்’ திரைப்படமும், தோல் சட்டை அணிந்த மோட்டார் சைக்கிள்காரன் சட்டத்துக்கு அடங்காதவன் என்ற எண்ணத்தைப் பொதுமக்கள் மனத்தில் ஊன்றிவிட்டன. வியட்நாம் போரிலிருந்து திரும்பி, ஊராரின் வரவேற்பைப் பெறாத தலைமுறை இவ்வுருவத்தைத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டது. போரில் காணாமற்போனோரையும் சிறைப்பட்டோரையும் பற்றி அரசு கணக்குச் சொல்ல வேண்டும் என்று கோரி, 1988ஆம் ஆண்டு போர் நினைவு நாள் வாரத்தில் சுமார் 2,500 பேர் வாஷிங்டன் நகருக்குள் வண்டியோட்டி வந்தனர். ரோலிங் தண்டர் என்று பெயர் பெற்ற அப்பேரணி பின்னர் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோரை ஈர்த்தது. பழமையான முன்னாள் படைவீரர் சங்கமாகிய அமெரிக்கன் லீஜனின் உள்ளேயே, 1993ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் கார்டன் சிட்டியில், லீஜன் ரைடர்ஸ் என்னும் மோட்டார் சைக்கிள் பிரிவு தோன்றியது. பேட்ரியட் கார்ட் இப்பிரிவின் ஒரு கிளையிலிருந்து பிறந்ததாகும்.

அதற்குத் தூண்டுதலாக அமைந்தது கன்சாஸின் தலைநகர் டொபீகாவில் உள்ள வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் சபை. ஃபிரெட் ஃபெல்ப்ஸ் என்பவர் 1955இல் நிறுவிய இச்சபை எந்தப் பெரிய திருச்சபையையும் சேராதது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் அவருடைய மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகளே. ஃபெல்ப்ஸ் ஒரு காலத்தில் கறுப்பின மக்களுக்காகக் குடிமை உரிமை வழக்குகளை நடத்திய வழக்கறிஞர் என்பதும், 1979இல் கன்சாஸில் அவருடைய வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டது என்பதும் அவர் வரலாற்றின் விசித்திரங்கள். தன்பாலீர்ப்பினரைச் சகித்துக்கொண்டதற்காகக் கடவுள் அமெரிக்காவைத் தண்டிக்கிறார் என்ற நம்பிக்கையோடு 1991 முதல் இவர்கள் பதாகை ஏந்தித் தெருவில் நிற்கத் தொடங்கினர். 1998ஆம் ஆண்டு வயோமிங் மாநிலத்தில் வெறுப்பின் காரணமாகக் கொலையுண்ட மாத்யூ ஷெப்பர்ட் என்னும் மாணவரின் அடக்கத்தில் நின்றபோது நாடறிந்தவராயினர். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் வீரர்கள் இறப்பதும் அதே தண்டனையின் பகுதிதான் என்று கூறி, வீரர்கள் இறந்ததற்கு நன்றி சொல்லும் பதாகைகளோடு 2005 முதல் இராணுவ அடக்கங்களுக்கும் வரத் தலைப்பட்டனர்.

இவர்களை எதிர்கொள்ளும் வழியைக் கண்டவர்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கு முன்பே இருந்தனர் என்பது பல வரலாறுகளில் விடுபட்டுப்போகிறது. ஷெப்பர்ட் கொலை வழக்கு 1999இல் லாரமி நகர நீதிமன்றத்தில் நடந்தபோது, அவருடைய தோழி ரொமெய்ன் பேட்டர்சனும் நண்பர்களும் வெள்ளைத் துணியால் பெரிய தேவதைச் சிறகுகள் செய்து அணிந்து, ஃபெல்ப்ஸ் கூட்டத்தாருக்கு முதுகு காட்டி, வாய் திறவாமல் அவர்களைச் சுற்றி நின்றனர்; சிறகுகள் பதாகைகளை மறைத்துவிட்டன. ஆறு ஆண்டுகளுக்குப் பின் கன்சாஸ் ஓட்டிகளின் கொடிகள் செய்த வேலையும் இதுவே. கொள்கையளவில் பெரிதும் வேறுபட்ட இரு கூட்டத்தார் ஒரே உத்தியை வந்தடைந்தது இங்குக் குறிப்பிடத்தக்கது.

கன்சாஸில் விசிட்டா நகரை அடுத்த மல்வேன் என்னும் சிற்றூரிலுள்ள லீஜன் ரைடர்ஸின் 136ஆம் கிளையைச் சேர்ந்தவர்கள், வெஸ்ட்பரோ சபையார் ஓர் அடக்கத்தில் நடந்துகொண்ட விதத்தைக் கேள்வியுற்று, இனி அத்தகைய இடங்களுக்குத் தாமும் போய் நிற்பதென 2005இல் முடிவு செய்தனர். அவ்வாண்டு அக்டோபரில் ஓக்லஹோமா மாநிலத்தின் செல்சி என்னும் ஊரில் நடந்த ஓர் இராணுவ வீரரின் அடக்கம் இவ்வகையில் தொடக்கமாக அமைந்தது. ஓக்லஹோமாவின் புரோக்கன் ஆரோ நகரைச் சேர்ந்த ஜெஃப் பிரவுன் இம்முயற்சியை நாடு முழுவதற்கும் விரிவுபடுத்த முனைந்து, மாநிலந்தோறும் பொறுப்பாளர்களை அமர்த்தினார். சில மாதங்களுக்குள் உறுப்பினர் தொகை பல்லாயிரமாகப் பெருகியது. உறுப்பினராவதற்குப் படையில் பணியாற்றியிருக்க வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளும் வேண்டியதில்லை. நாட்டுக்காகப் பணிபுரிவோர்மீது ஆழ்ந்த மதிப்பு இருந்தால் போதும் என்பதே விதி. ஓட்டிகள் தம் வழக்கில் கூண்டு என்று கேலியாகக் குறிப்பிடும் காரில் வந்து கொடி பிடிப்பவர்களும் இதனால் அமைப்பில் சம உரிமை பெற்றனர். பனிக்காலத்தில் அவர்களே மிகுதி.

ஒவ்வோர் அடக்கப் பணியும் மிஷன் எனப்படும். இறந்தவரின் குடும்பத்துக்கு உதவ இராணுவம் அமர்த்தும் அதிகாரி வழியாகவோ அடக்க ஏற்பாட்டாளர் வழியாகவோ மாநிலப் பொறுப்பாளர் குடும்பத்தாரை அணுகி, அவர்கள் விரும்பினால் மட்டுமே அறிவிப்பு வெளியிடுகிறார். அறிவிப்பில் கூடும் இடமும், சைடு ஸ்டாண்டை மடக்கிப் புறப்படும் நேரமும் குறிக்கப்படும். அன்றைய பணிக்குத் தலைமை தாங்கும் ரைடு கேப்டன் புறப்படுமுன் எல்லோரையும் கூட்டி, வழி, வேகம், போக்குவரத்துக் காவலரின் ஏற்பாடு, குடும்பத்தாரின் விருப்பங்கள் ஆகியவற்றை விளக்குவார். கொடி வரிசை என்பது தேவாலய வாயிலிலிருந்தோ கல்லறை வழியிலிருந்தோ இருபுறமும் கை நீள இடைவெளியில் கொடிக்கம்பத்துடன் நிற்பதாகும். சவப்பெட்டி கடக்கும்போது பேச்சு, புகைபிடித்தல், கைப்பேசி எதுவும் கூடாது. எதிர்ப்பாளர்கள் வந்திருந்தால் அவர்களோடு ஒரு சொல்லும் பேசாமல், அவர்களுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். வசைக் கூச்சலை அமுக்க எஞ்சின்களை முறுக்கியதாகவும் தேசபக்திப் பாடல்களைப் பாடியதாகவும் தொடக்க ஆண்டுச் செய்திகள் கூறுகின்றன; ஆயினும் அமைப்பின் வலிமை அதன் ஓசையில் இருந்ததைவிட அமைதியில் இருந்தது என்றே சொல்ல வேண்டும். நீண்ட நெடுஞ்சாலைக்கென்று செய்யப்பட்ட, காற்றால் மட்டுமே குளிரும் கனத்த எஞ்சின்களை நடைவேகத்தில் ஓட்டுவது எளிதன்று. எஞ்சின் கொதிக்கும், வண்டி சாயப் பார்க்கும். ஊர்வலத்தின் ஒழுங்குக்குப் பின்னே இத்தகைய பயிற்சியும் உண்டு.

அரசும் வாளாவிருக்கவில்லை. தேசியக் கல்லறைத் தோட்டங்களின் வாயிலிலிருந்து 300 அடிக்குள், அடக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் பின்புவரை ஆர்ப்பாட்டம் செய்யத் தடைவிதிக்கும் சட்டத்தில் அதிபர் ஜார்ஜ் புஷ் 2006 மே 29 அன்று, அதாவது அவ்வாண்டின் போர் நினைவு நாளில், கையெழுத்திட்டார். மாநிலங்களும் தத்தமக்கெனச் சட்டம் இயற்றின. ஆனால் இச்சட்டங்களுக்கு எதிரே அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம், அதாவது பேச்சுரிமை, நின்றது. 2006 மார்ச்சில் மேரிலாந்து மாநிலத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் நகரில் நடந்த ஒரு வீரரின் அடக்கத்தின்போது சபையார் ஏழு பேர் தேவாலயத்திலிருந்து சுமார் 1,000 அடி தொலைவில் பதாகையோடு நின்றனர். வீரரின் தந்தையான ஸ்னைடர் வழியில் பதாகைகளின் மேல் விளிம்பை மட்டுமே கண்டார், எழுதியிருந்தது என்னவென்று மாலைத் தொலைக்காட்சிச் செய்தியில்தான் அறிந்தார். அவர் தொடுத்த வழக்கில் நடுவர் குழு 2007இல் 1 கோடியே 9 இலட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. நீதிபதி அதை 50 இலட்சமாகக் குறைத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் தீர்ப்பையே தள்ளியது. ஸ்னைடர் எதிர் ஃபெல்ப்ஸ் என்றறியப்படும் இவ்வழக்கில் 2011 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம், எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், பொது இடத்தில் பொதுப் பிரச்சினை குறித்துப் பேசும் பேச்சு எவ்வளவு புண்படுத்தினாலும் அதற்காக இழப்பீடு விதிக்க இயலாது என்று தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் தீர்ப்பை எழுதினார். நீதிபதி சாமுவேல் அலிட்டோ மட்டும் மாறுபட்டார். அத்தீர்ப்பின்போது 44 மாநிலங்களில் அடக்க மறியல் தடைச் சட்டங்கள் இருந்தன. 2012 ஆகஸ்டில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் தடை நேரத்தை அடக்கத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரமாக நீட்டியது.

இத்தீர்ப்பின் ஒளியில் பார்த்தால், 2005இல் மல்வேன்காரர்கள் தேர்ந்த வழி எவ்வளவு சரியானது என்பது விளங்கும். எதிரே நிற்பவரின் வாயை அடைக்க அவர்கள் முயலவில்லை. சட்டத்தையோ கைகலப்பையோ நாடவில்லை. அதே பொதுத் தெருவில், அதே பேச்சுரிமையைத் தாமும் பயன்படுத்தி, எண்ணிக்கையால் மறைத்தனர். நீதிமன்றம் எந்தப் பக்கம் தீர்ப்பளித்திருந்தாலும் அவர்களுடைய கொடி வரிசைக்கு அதனால் பாதிப்பு நேர்ந்திராது.

எதிர்ப்பாளர்களின் வருகை காலப்போக்கில் அருகியபோது அமைப்பு கலைந்துவிடாமல் நின்றதற்கு வேறு காரணங்கள் உண்டு. டெலவேர் மாநிலத்தின் டோவர் விமானப் படைத் தளத்துக்கு வந்துசேரும் உடல்கள் முன்பு பயணிகள் விமானங்களின் சரக்குப் பகுதியில் வைத்து ஊருக்கு அனுப்பப்பட்டன. குடும்பங்களின் முறையீட்டால் சட்டம் மாற்றப்பட்டு, 2007 முதல் இராணுவ விமானத்திலோ இராணுவம் அமர்த்திய தனி விமானத்திலோ, வீட்டுக்கு அருகிலுள்ள விமான நிலையத்துக்கே அவை கொண்டுவரப்படுகின்றன. அங்கிருந்து ஊர்வரை துணைசெல்லும் பணி ஓட்டிகளிடம் வந்தது. முன்னாள் படைவீரர்களின் நிலை இன்னும் எளிமையானது. 2000 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சீருடையணிந்த இருவர், கொடியை மடித்துக் குடும்பத்தாரிடம் அளித்தல், டாப்ஸ் எனப்படும் ஊதுகொம்பு இசை ஆகியவை மட்டுமே. ஊதுவோர் போதாமையால் அவ்விசையையும் பதிவிலிருந்து ஒலிக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இரண்டாம் உலகப் போர் வீரர்கள் நாள்தோறும் ஆயிரம் பேர் அளவில் இறந்துகொண்டிருந்தனர். உறவினர் எவருமில்லாத, வீடற்றவராய் இறந்த முன்னாள் வீரரின் அடக்கத்தில், சீருடையணிந்த இருவரைத் தவிர நிற்பவர்கள் பல வேளைகளில் ஓட்டிகளே. அடக்க இல்லங்களின் அலமாரிகளில் ஆண்டுக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்த வீரர்களின் அஸ்தியைத் தேடிக் கண்டு அடக்கம் செய்யும் பணியிலும் ஓட்டிகள் துணைநிற்கின்றனர். இந்த எளிய பணியே அமைப்பின் வரலாற்றில் மிக உயர்ந்த பகுதி என்பதில் ஐயமில்லை.

பிற நாடுகளிலும் ஒப்பிடத்தக்க வழக்கங்கள் ஏறத்தாழ இதே காலத்தில், வேறு காரணங்களால் வளர்ந்தன. பிரிட்டனில் ராயல் பிரிட்டிஷ் லீஜனின் மோட்டார் சைக்கிள் பிரிவு 2004இல் தொடங்கியது. ஆப்கானிஸ்தானில் இறந்த வீரர்களின் உடல்கள் 2007 முதல் 2011 வரை கடந்து சென்ற வூட்டன் பாசெட் என்னும் சிற்றூருக்கு நன்றி கூறும் வகையில் 2010 மார்ச்சில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டிகள் அவ்வூரின் தெரு வழியே சென்றனர். கனடாவில் டிரென்டன் விமானத் தளத்திலிருந்து டொரொன்டோ வரையிலான நெடுஞ்சாலைப் பகுதிக்கு 2007இல் வீரர் நெடுஞ்சாலை என்று பெயர் சூட்டப்பட்டது. வீரர்களின் உடல்கள் கடந்து சென்றபோது அங்கே பாலங்களின் மேல் மக்கள் கூடி நின்றனர்.

அரசியல் சார்பின்மை இவ்வமைப்பின் அறிவிக்கப்பட்ட நெறி. ஆயினும் கொடிகளின் இத்தனை பெரிய திரளே போருக்கு ஆதரவான காட்சி என்று கருதுவோர் உண்டு. இறந்தவரின் குடும்பத்துக்குள்ளேயே போரைப் பற்றி இருவேறு கருத்துகள் இருக்கக்கூடும் என்பதையும் மறுக்க இயலாது. இதற்கு அமைப்பு வைத்துள்ள விடை அதன் முதல் விதியே ஆகும்: குடும்பத்தார் வேண்டாம் என்றால் ஓட்டிகள் வருவதில்லை.