எச்பி டச்பேட் மலிவு விற்பனை

எச்பி டச்பேட் மலிவு விற்பனை என்பது ஹியூலெட்-பேக்கார்டு (எச்பி) நிறுவனம் தனது டச்பேட் பலகைக் கணினிகளின் கையிருப்பைத் தீர்ப்பதற்காக 2011 ஆகத்து மாதத்தில் நடத்திய விற்பனை ஆகும்.

வெப்ஓஎஸ் இயங்குதளத்தில் இயங்கும் இக்கணினி 2011 சூலை 1 அன்று அமெரிக்காவில் வெளியானது. போதிய விற்பனை இல்லாமையால் ஆகத்து 18 அன்று இதனைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. அறிமுகத்தின்போது ஏறத்தாழ 500 டாலராக இருந்த 16 கிகாபைட்டு வகையின் விலை, அடுத்த சில நாட்களில் ஏறத்தாழ 100 டாலராகக் குறைக்கப்பட்டது.

மறுவிற்பனை

கையிருப்பு விரைவில் தீர்ந்தது. மலிவாக வாங்கியோர் பலர் ஈபே தளத்தில் கூடுதல் விலைக்கு விற்றனர். இவ்வகை வணிகத்தில் விலை வேறுபாடு முழுவதும் ஆதாயம் ஆகாது. தளக் கட்டணமும் அஞ்சல் செலவும் அதிலிருந்து கழியும். தட்டுப்பாடு நீங்கினால் விலையும் சரியும். ஆகத்து 30 அன்று, இறுதியாக ஒருமுறை மேலும் உற்பத்தி செய்யவிருப்பதாக எச்பி அறிவித்தது. அவ்வாண்டு திசம்பரில் பழுதுநீக்கிய டச்பேடுகளை எச்பி நிறுவனமே ஈபேயில் மலிவு விலைக்கு விற்றது.