சட்டத்துக்குப் பயந்த லாரிகள்: சோமாலியா 2011

இன்னிக்கு நாம சோமாலியாவுக்குப் போறோம்.

2011 ஜூலை 20. தெற்கு சோமாலியாவின் ரெண்டு பகுதிகள்ல பஞ்சம்னு ஐ.நா. அறிவிச்சுது. பின்னாடி வந்த ஆய்வுப்படி, 2010 அக்டோபர்ல இருந்து 2012 ஏப்ரல் வரை கிட்டத்தட்ட 2,60,000 பேர் இறந்தாங்க. அதுல பாதிப் பேர் 5 வயசுக்குக் கீழே உள்ள குழந்தைங்க.

மழை பொய்ச்சதுன்னு சொல்லி முடிச்சிடலாம். ஆனா அதே வறட்சி கென்யாவையும் எத்தியோப்பியாவையும் தாக்குச்சு. பஞ்சம்னு அறிவிச்சது சோமாலியாவுல மட்டும்தான். ஏன்?

முதல் காரணம் அல்-ஷபாப். தெற்குல பெரும்பகுதி அவங்க கையில. உதவி நிறுவனங்களை மிரட்டிப் பணம் கேட்டாங்க. அதனால 2010 ஜனவரியில உலக உணவுத் திட்டம் தெற்குல வேலையை நிறுத்துச்சு. அடுத்த மாசம் அல்-ஷபாப் அதுக்குத் தடையே போட்டுருச்சு.

ரெண்டாவது காரணம் வாஷிங்டன்ல இருக்கு. 2008ல அமெரிக்கா அல்-ஷபாபைப் பயங்கரவாத அமைப்புகள் பட்டியல்ல சேர்த்துச்சு. பட்டியல்ல உள்ள அமைப்புக்குத் தெரிஞ்சே உதவினா, அன்றைய சட்டப்படி 15 வருஷம் வரை சிறை. நியாயம்தானேன்னு தோணும். ஆனா 'உதவி'ங்கிறதுக்கு அந்தச் சட்டத்துல ரொம்ப அகலமான அர்த்தம். மருந்துக்கும் மதப் பொருட்களுக்கும் மட்டும்தான் விலக்கு. சாப்பாட்டுக்குக் கிடையாது! சோள மூட்டை ஏத்தின லாரி வழியில அல்-ஷபாபுக்கு வரி கட்டினா அது குற்றமாகுமா? உறுதியா பதில் சொல்ல ஆள் இல்லை.

2010 ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை இன்னும் இறுக்குச்சு. அந்த வழக்குல பேசப்பட்ட ரெண்டு அமைப்புகள், குர்து மக்களின் பி.கே.கே.வும் நம்ம பக்கத்து விடுதலைப் புலிகளும். இப்படிப்பட்ட அமைப்புக்கு, அமைதியா பேச்சுவார்த்தை நடத்துறது எப்படின்னு பயிற்சி கொடுக்குறதைக்கூட குற்றமாக்கலாம்னு தீர்ப்பு வந்துச்சு.

இதுக்கெல்லாம் விளைவு என்ன? சோமாலியாவுக்கு அதிகமா உதவிட்டிருந்த அமெரிக்கா தன் நிதியைப் பெருமளவு குறைச்சுது. உதவி நிறுவனங்களோட வக்கீல்கள் 'வேண்டாம்'னாங்க. அமெரிக்காவே பணம் கொடுத்து நடத்துற பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பு 2010லேயே எச்சரிச்சும் பெரிய பணம் வரலை. விதிகளைத் தளர்த்தினது 2011 ஆகஸ்ட்ல, பஞ்சம்னு அறிவிச்ச பிறகுதான்.

யாரும் 'இவங்க பட்டினி கிடக்கட்டும்'னு முடிவெடுக்கலை. லாரியை அனுப்பி மாட்டினா வழக்கு வரும். அனுப்பாம விட்டா ஒரு கேள்வியும் வராது. இப்படி ஒரு சூழல்ல ஒவ்வொருத்தரும் ஜாக்கிரதையா இருந்தாங்க. அந்த ஜாக்கிரதைக்கு விலை கொடுத்தது வேற யாரோ.

2022 டிசம்பர்ல ஐ.நா. பாதுகாப்பு சபை 2664ஆம் தீர்மானத்தைக் கொண்டுவந்துச்சு. தன்னோட பொருளாதாரத் தடைகள் மனிதாபிமான உதவியைத் தடுக்கக்கூடாதுன்னு பொது விலக்கு கொடுத்துச்சு. 14 நாடுகள் ஆதரவு. வாக்களிக்காம ஒதுங்கின ஒரே நாடு இந்தியா. பயங்கரவாத அமைப்புகள் தொண்டு நிறுவன வேஷத்துல இந்த விலக்கைப் பயன்படுத்திக்கும்ங்கிறது இந்தியாவோட வாதம்.

அந்தப் பயம் பொய்யில்லை. ஆனா திருட்டுப் போகக்கூடிய மூட்டையை எண்ணுற மாதிரி, போய்ச் சேராத மூட்டையையும் யாராவது எண்ணணும். சோமாலியாவுல அந்த ரெண்டாவது கணக்கைப் போட்டப்போ 2013 ஆயிருச்சு.

உங்க கருத்தை எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.