முந்நூறு நாள் உறங்கிய எஞ்சின்

மங்கள்யான் என்றதும் 450 கோடி ரூபாய் என்னும் மலிவுக் கணக்கே இன்றும் முன்வைக்கப்படுகிறது. கணக்கு சரிதான், ஆயினும் அக்கலத்தின் வரலாறு அதன் குழாய்களிலும் வால்வுகளிலும் தேடப்பட வேண்டியது.

பெங்களூரில் உருவான கலத்தில் பொருத்தப்பட்ட 440 நியூட்டன் திரவ எஞ்சின், புவிநிலைச் செயற்கைக்கோள்களில் பழகிய ஒன்று. அவற்றில் ஏவிய சில நாள்களிலேயே அதன் வேலை முடிந்துவிடும். செவ்வாய்ப் பயணத்திலோ, 2013 டிசம்பர் 1 அன்று அணைந்த எஞ்சின் ஏறத்தாழ 300 நாள் கழித்து மீண்டும் எரிந்தாக வேண்டும். அதற்குள் அரிக்கும் தன்மையுடைய உந்துபொருள்கள் வால்வுகளைக் கெடுத்துவிட்டால், கலம் செவ்வாயைக் கடந்து போய்விடும். ஆகவே பொறியாளர்கள் எஞ்சினுக்குச் செல்லும் பாதையை இரட்டித்தனர்: புவியருகே பயன்பட்ட குழாய்த்தொகுதியை மூடிவிட்டு, செவ்வாய்க்கென மற்றொன்றை வைத்திருந்தனர். அதுவும் பொய்த்தால், 22 நியூட்டன் திறனுடைய எட்டுச் சிறு உந்திகள்.

2014 செப்டம்பர் 22 அன்று எஞ்சின் சோதனையாக ஏறத்தாழ 4 விநாடி எரிந்தது. இரு நாள் கழித்து, ஏறத்தாழ 23 நிமிடம். இடையில் கலம் செவ்வாய்க்குப் பின்னே மறைந்தது. கட்டளைகளெல்லாம் முன்பே அதில் ஏற்றப்பட்டிருந்தன. மீண்ட கலத்தின் செய்தி பீனியாவின் கட்டுப்பாட்டு அறையை எட்ட 12 நிமிடத்துக்கு மேலாயிற்று. 1975இல் ஏவப்பட்ட ஆர்யபட்டா உருவானதும் இதே பீனியாவின் தொழிற்கொட்டகைகளில்தான்.