கல் சொன்னதும் கல்கி சொன்னதும்



சரித்திர நாவல் எழுதும் ஆசிரியர் ஒருவர், எழுதுமேசையை விட்டு எழுந்து, கதை நிகழும் ஊர்களைத் தேடி ஏன் செல்ல வேண்டும்? நூல் நிலையங்களில் வரலாற்று நூல்கள் இல்லையா? கற்பனை செய்வதற்குப் பயணம் எதற்கு? இக்கேள்விக்கு நான் விடை கண்ட வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதில் என் பிழை ஒன்றும் அடங்கியிருக்கிறது.

நான் உத்திரமேரூரைச் சேர்ந்தவன். ஏரியும் நெல்வயலும் சூழ்ந்த ஊர் அது. வடக்கு நோக்கிச் சென்று செய்யாற்றையும் பாலாற்றையும் கடந்தால் காஞ்சி மாநகரை அடையலாம். என் இளமையில், வார இதழ்களிலிருந்து பக்கம் பக்கமாகக் கிழித்துத் தைத்து வைத்த 'சிவகாமியின் சபதம்' எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 1944 முதல் 1946 வரை தம் இதழில் தொடர்ந்து எழுதிய நாவல் அது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் படித்த நாட்களில், பக்கத்துக் காஞ்சியின் தெருக்களில் மகேந்திர பல்லவன் மாறுவேடம் பூண்டு இன்னும் உலாவுகிறான் என்றே எனக்குத் தோன்றும்.

அந்நாவல் பிறந்த கதையைக் கல்கி தம் முன்னுரையில் கூறியிருக்கிறார். நாவல் வெளிவருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாருடன் அவர் மாமல்லபுரம் சென்றிருந்தார். கடற்கரையில் அமர்ந்திருந்தபோது, பாறைகளிடையே கதைமாந்தர் நடமாடுவதை அகக்கண்ணால் கண்டார். 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' ஆகிய இரண்டிற்கும் அன்று விதை விழுந்தது. பின்னர், 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வ'னுக்காக, ஓவியர் மணியத்துடன் இலங்கைக்கும் சென்று பழைய இடங்களைப் பார்த்து வந்தார். ஊரைப் பார்த்த பிறகே எழுதுவது என்பதை அவர் ஒரு நெறியாகவே கொண்டிருந்தார் எனலாம்.

இனி என் பிழைக்கு வருகிறேன். ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், என் வகுப்பு மாணவர்களை மாமல்லபுரத்திற்கு அழைத்துச் சென்றேன். ஒற்றைக்கல் இரதங்களின் எதிரே நின்று, ஆயனச் சிற்பியையும் அவர் மகள் சிவகாமியையும் பற்றி உணர்ச்சி பொங்கப் பேசினேன். அவ்வாண்டுத் தேர்வில், மாமல்லபுரச் சிற்பங்களைப் பற்றிய வினாவுக்கு, அவற்றைச் சமைத்தவர் ஆயனர் என்று ஒரு மாணவன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். சிவப்பு மையால் அதை அடிக்க முற்பட்ட என் கை நின்றுவிட்டது. ஆயனர் கல்கி படைத்த பாத்திரம், சிவகாமியும் அவ்வாறே. அப்பிழை மாணவனுடையது அன்று, என்னுடையது. நான் மதிப்பெண்ணைக் குறைத்தேன்; ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

கல்கி யாரையும் ஏமாற்றவில்லை. கற்பனை எது, வரலாறு எது என்பதை மறைக்க முயலாத எழுத்தாளர் அவர். படித்த நான்தான் இரண்டையும் குழப்பிக்கொண்டேன். ஆகவே, அவர் செய்ததையே நானும் செய்வதென்று முடிவு செய்தேன். கதையின் தலைமை மாந்தனாகிய மகேந்திரவர்மன் நடந்த இடங்களுக்குச் சென்று, அவனைப் பற்றிக் கல் என்ன சொல்கிறது என்பதை நேரில் காணப் புறப்பட்டேன்.

மகேந்திரவர்மன் அரசன் மட்டும் அல்லன், நூலாசிரியனும் ஆவான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியில் ஆட்சி புரிந்த அவன், 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் இயற்றினான். கதை நிகழும் இடம் காஞ்சி நகரமே. சத்தியசோமன் என்னும் காபாலிகன் கள் மயக்கத்தில் தன் கபால ஓட்டைத் தொலைத்துவிடுகிறான். நாகசேனன் என்னும் பௌத்தத் துறவிதான் திருடினான் என்று வழக்காடுகிறான். ஒரு பாசுபதன் நடுவராக வருகிறான். இறுதியில், ஓட்டைக் கவ்விச் சென்றது ஒரு நாய் என்பது தெரிகிறது. பித்தன் ஒருவனிடமிருந்து ஓடு மீள்கிறது. நாட்டை ஆளும் மன்னன், தன் தலைநகரத்துக் கள்ளுக்கடையையும் வழக்குமன்றத்தையும் பற்றிச் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறான்!

இந்நாடகத்தின் வரலாறே ஒரு கதை போன்றது. காஞ்சியில் பிறந்த இந்த நூல் கேரள நாட்டில் உயிர் வாழ்ந்தது. அங்கே சாக்கியார்கள் இதனைக் கோயில்களில் நடித்து வந்தனர். மகாமகோபாத்தியாய த. கணபதி சாஸ்திரியார் 1917-ஆம் ஆண்டு திருவனந்தபுரம் வடமொழி நூல் வரிசையில் இதனை அச்சிட்டார். அதன் பிறகே தமிழ்நாட்டு அறிஞர் பலர் இதனைப் படிக்க முடிந்தது. கல்கிக்கு மகேந்திரன் கலைஞனாகக் கிடைத்தது இத்தகைய ஆராய்ச்சியாளர்களின் உழைப்பினால் என்பதை நாம் மறத்தலாகாது.

காஞ்சியிலிருந்து வந்தவாசி செல்லும் சாலையில், பாலாற்றைக் கடந்தபின் மாமண்டூர் வருகிறது. இன்று அது திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே ஒரு குன்றின் கீழ்ப்புறத்தில் நான்கு குடைவரைகள் உள்ளன. குன்றை அடுத்துப் பெரியதோர் ஏரி. சித்திரமேக தடாகம் என்பது அதன் பழம்பெயர். எங்கள் உத்திரமேரூர் ஏரியும் பழங்காலத்தில் வயிரமேக தடாகம் எனப்பட்டது. ஏரிக்கு மேகத்தின் பெயரைச் சூட்டிய அக்காலத்தவரின் உள்ளத்தை எண்ணி வியந்தபடியே குகைக்குள் நுழைந்தேன்.

சுவரில் பல்லவ கிரந்த எழுத்தில் அமைந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அது பல இடங்களில் சிதைந்து போயிருக்கிறது. எஞ்சிய பகுதியில் மத்தவிலாசத்தின் பெயரை அறிஞர் படித்திருக்கின்றனர். 'பகவதஜ்ஜுகம்' என்ற மற்றொரு நகைச்சுவை நாடகத்தின் பெயரும் அங்கே காணப்படுகிறது. அது மகேந்திரன் இயற்றியதா, வேறொருவர் இயற்றியதா என்பதில் கருத்து ஒற்றுமை இல்லை. என் விரலால் அவ்வெழுத்துகளைத் தொடாமல், அருகே நின்று நோக்கினேன். ஓர் எழுத்து முடியும் இடத்தில் பாறை உதிர்ந்து வெறுமையாய் இருந்தது. என் பிழை இன்னதென்று அவ்விடத்தில் எனக்கு விளங்கிற்று. கல் உதிர்ந்த இடத்தில் வரலாற்று ஆசிரியன் நின்றுவிட வேண்டும். நாவலாசிரியன் அங்கேதான் தொடங்குகிறான்.

இருவரும் வேண்டியவர்களே. வாதாபியை நரசிம்மவர்மன் 642-ஆம் ஆண்டையொட்டி வென்றான் என்பதற்கு, வாதாபிப் பாறையிலேயே அவன் பெயர் பொறித்த கல்வெட்டுச் சான்றாக நிற்கிறது. சிறுத்தொண்டர் அப்போரில் பங்குகொண்டதைக் குன்றத்தூர்ச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடினார். போருக்கும் பாட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள். அப்போருக்கு ஒரு பெண்ணின் சபதம் காரணம் என்றது கல்கியின் கற்பனை. மூன்றும் ஒரே செய்தியைப் பேசினாலும், மூன்றும் ஒரே எடையுள்ள சான்றுகள் அல்ல. சான்றிலும் அறிஞர் மாறுபடுவதுண்டு. மாமல்லபுரச் சின்னங்கள் பல அரசர்களின் காலத்தவை என்று பலர் கருத, அவை யாவும் இராசசிம்மன் படைப்புகளே என்று இரா. நாகசாமி 1962-இல் வாதிட்டார்.

இந்தப் பயிற்சியோடு சொந்த ஊருக்குத் திரும்பினேன். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவற்றை, 1898-இல் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தனர். முப்பது குடும்புகளிலிருந்து வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விதியை அவை கூறுகின்றன. முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள் இருத்தல் வேண்டும். வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். மறைநூல் பயிற்சி வேண்டும். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை.

ஊர்ப்பெருமை பேசும்போது, இதனை இன்றைய மக்களாட்சி என்றே நாங்கள் சொல்லிவிடுவோம். கல் அவ்வாறு சொல்லவில்லை. அது அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை. உழுதவர்க்கும் நிலமற்றவர்க்கும் அங்கே ஓலை இல்லை, பெண்களுக்கும் இல்லை. ஆயனரை வரலாற்று மாந்தராக்கிய அதே ஆசைதான் நம்மை இங்கும் வழுக்கச் செய்கிறது. கணக்குக் காட்டாதவனை விலக்கிய அந்த விதி, உள்ளபடி சொன்னாலே பெருமை தருவது. அதற்கு மிகை வேண்டியதில்லை.

அக்கல்வெட்டில் ஒரு சிறுவன் வருகிறான். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கியபின், ஒன்றும் அறியாத ஒரு பாலகனைக் கொண்டு ஓலை எடுப்பிக்க வேண்டும் என்பது விதி. எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் வாங்கிப் படிக்க வேண்டும். அச்சிறுவன் யார்? அவன் பெயர் என்ன? குடத்துள் கைவிடும்போது அவன் அஞ்சினானா, சிரித்தானா? கல் சொல்லவில்லை.

இப்பொழுது நான் மாணவர்களை அழைத்துச் செல்லும்போது அந்தச் சுவரின் முன் நிறுத்தி, அச்சிறுவனைப் பற்றி இரண்டு தாள்கள் எழுதச் சொல்கிறேன். முதல் தாளில் கல் சொன்னதை மட்டும் எழுதவேண்டும்; இரண்டாவதில் தாம் விரும்பியதை எழுதலாம். முதல் தாள் எப்போதும் சிறியதாகவே அமைகிறது. இரண்டாம் தாளில் அவனுக்குப் பெயரும் தாயும் நண்பர்களும் கிடைக்கிறார்கள். இரண்டையும் நான் மகிழ்ச்சியோடு திருத்துகிறேன். ஆனால் இரண்டையும் ஒன்றாகத் தைக்க விடுவதில்லை.

நண்பர்களே, உங்கள் ஊர்க் கோயிலிலும் எழுத்துள்ள கல் ஒன்று இருக்கக்கூடும். கல்கியைப் படியுங்கள், படித்தபின் எழுந்து சென்று அக்கல்லையும் பாருங்கள். அதன்மீது சுண்ணாம்பு பூசவிடாமல் காப்பாற்றுங்கள். நாளை உங்களுள் ஒருவர் வரலாறு எழுதினாலும், நாவல் எழுதினாலும், இருவருக்கும் அந்தக் கல் வேண்டும்.