எண்களிற் பிறந்த இசை

கணனியிசைக்கு உயிரில்லையென மூத்தோர் சொல்லக் கேட்கின்றோம். அதன் பிறப்பை நோக்கியபின் தீர்ப்புக் கூறுதல் தகும்.

நியூ ஜேர்சியிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் தொலைபேசி ஒலியை ஆராய்ந்த பொறியியலாளர் மாக்ஸ் மத்தியூஸ், வயலினும் வாசிப்பவர். கணனி கொண்டு இசை பிறப்பிக்கும் நிரலை 1957ஆம் ஆண்டு அவர் எழுதினார். ஒலியலையின் ஏற்ற இறக்கத்தைச் செக்கனுக்குப் பல்லாயிரம் எண்களாகக் கணனி கணித்துக் காந்த நாடாவிற் பதியும். அவ்வெண்களை மின்னோட்டமாக்கி ஒலிபெருக்கிக்குக் கொடுத்தால் நாதம் எழும். சொல்வது எளிது! ஐ.பி.எம். 704 கணனி இருந்ததோ நியூ யோர்க் நகரில். எண்களை ஒலியாக்கும் பொறியோ ஆய்வுகூடத்தில். நாடாவுடன் மீண்ட பின்னரே, ஆக்கியது இசையோ இரைச்சலோ என அறியலாம். இத்தனை பாட்டுக்கும் கிடைத்த முதற்பயன், நியூமன் கட்மன் இயற்றிய 17 செக்கன் இசை. அது உள்ளத்தைக் கவரவில்லையென மத்தியூசே பின்னர் ஒப்புக்கொண்டார்.

1961இல் ஜோன் கெலியும் கரொல் லொக்பாமும் கணனிக்குக் குரலமைக்க, மத்தியூஸ் பக்க இசை சேர்க்க, "டெய்சி பெல்" என்னும் பழைய ஆங்கிலப் பாடலைக் கணனி பாடியது. நம் நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்து 2008இற் கொழும்பில் மறைந்த ஆதர் சி. கிளார்க் அதனை அங்கு நேரிற் கேட்டவர். 1968இல் வெளிவந்த "2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி" திரைப்படத்தில் ஹால் என்னும் கணனி நினைவிழந்து அடங்குகையிற் பாடுவதும் அப்பாடலே. அக்குரல் தளர்ந்து தேயக் கேட்டபோது நாம் மனங் கலங்கினோம்.